எடெல்வைஸ் கிறீம்: அந்தப் பூ மலையில் பிடுங்கினதா, வயலில் வளர்த்ததா?

பனிப்பூ எழுதியது:

வணக்கம் உறவுகளே. கொஞ்ச நாளாக மனதுக்குள் கிடக்கிற கேள்வி ஒன்று.

நான் சுவிஸில் பேர்ன் பக்கம் இருக்கிறேன். குளிர் தொடங்கினால் கன்னம் இரண்டும் வெடித்துச் சிவந்துபோகும். வாசனை போட்ட கிறீம் எதைப் பூசினாலும் எரியும். இந்த முறை மருந்துக்கடையில் வேலை செய்கிற பிள்ளை எடெல்வைஸ் என்ற மலைப்பூவின் சாறு சேர்ந்த முகக் கிறீம் ஒன்றை எடுத்துத் தந்தார். 38 பிராங்க். மூன்று கிழமையாகப் பாவிக்கிறேன். தோல் அமைதியாக இருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை.

போன சனிக்கிழமை என்ர மகள் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் பாறை இடுக்கு, பனி, ஒற்றைப் பூ. "அம்மா, இந்தப் பூவைப் பிடுங்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னவை. பிறகு எப்படி இதுக்குள்ள போட்டவை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு வந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று அன்றிரவு முழுக்க அதுதான் மனதில் ஓடியது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பூ எங்கேயிருந்து வருகிறது? பெட்டியின் பின்பக்கம் "உயர்மலை வெயிலையே தாங்கும் பூ, உங்கள் தோலையும் காக்கும்" என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மலைக்குப் போகும்போது தனியாக வெயில் கிறீம் பூசத் தேவையில்லையா? உண்மையிலேயே தோலுக்கு ஏதும் செய்கிறதா, இல்லை பெயருக்குத்தான் காசா?

—

நடைபயணி எழுதியது:

பனிப்பூ, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

பதினைந்து வருடமாக ஆல்ப்ஸில் நடக்கிறேன். எடெல்வைஸை அதன் இடத்தில் கண்டது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். கடைசியாகப் பார்த்தது 2,400 மீட்டரில், சுண்ணாம்புப் பாறைச் சரிவில், காலை வைக்கப் பயமான இடத்தில். இரண்டே இரண்டு பூ. பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஒரு காலத்தில் இந்தப் பூவைக் காதலிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வீரம் என்று நினைத்து ஏறி, விழுந்து செத்தவர்கள் உண்டு. பிறகு உல்லாசப் பயணிகளுக்கு விற்பதற்காக வேரோடு பிடுங்கினார்கள். 1878இலேயே சுவிஸின் ஒப்வால்டன் கான்டனில், அதாவது மாநிலத்தில், வேரோடு பிடுங்கத் தடை போட வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. அந்த வரலாறு தெரிந்தபிறகு மலைப்பூப் படம் போட்ட எந்த டப்பாவையும் என்னால் நிம்மதியாக வாங்க முடியவில்லை.

வயலில் வளர்க்கிறோம் என்று சில நிறுவனங்கள் சொல்வது தெரியும். ஆனால் பாறையில், பனியில், காற்றில் போராடி வளர்ந்த செடியின் சத்து, பசளை போட்டு வளர்த்த வயல் செடிக்கு எப்படி வரும்? மலையில் பிடுங்கினால் பாவம், வயலில் வளர்த்தால் வெறும் பெயர். என் முடிவு, இந்தச் சாமானே வேண்டாம்.

—

வலே_தோட்டம் எழுதியது:

பனிப்பூ தங்கச்சி, நடைபயணி அண்ணா, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் வலே கான்டனில் ஒரு மூலிகைப் பண்ணையில் நாலு கோடைகாலம் வேலை செய்தவள். ஆயிரம் மீட்டருக்கு மேலே, தெற்குப் பார்த்த சரிவு. மால்வா, மெலிசா, தைம், சேஜ், ஓரமாக எடெல்வைஸ். ஆகவே பூ எங்கேயிருந்து வருகிறது என்பதற்கு என்ர கையே சாட்சி.

முதலில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். கிறீம் செய்கிறவர்களுக்குக் காட்டுப்பூ தோதுப்படாது. அவர்களுக்கு வருடா வருடம் ஒரே தரத்தில், கிலோக்கணக்கில் காய்ந்த பூ வேண்டும். பாறையில் இரண்டு இங்கே, மூன்று அங்கே என்று பொறுக்கி அந்தக் கணக்கு நிரம்பாது. பல கான்டன்களில் சட்டமும் விடாது. அதனால்தான் 1990களில் வலேயில் கோந்தே என்ற இடத்தில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இந்தச் செடியை வயலுக்குப் பழக்க முயன்றார்கள். காட்டு விதையை அப்படியே விதைத்தால் ஒன்று ஜூனில் பூக்கும், இன்னொன்று ஒரு மாதம் கழித்துப் பூக்கும். ஒன்று சாண் உயரம், மற்றது தரையோடு. உள்ளே இருக்கிற சத்தும் செடிக்குச் செடி வேறு. தெரிவு செய்து செய்து கடைசியில் 'ஹெல்வெட்டியா' என்று ஒரு இனம் வந்தது. ஒரே நேரத்தில் பூக்கும், ஒரே உயரம். அது வந்தபிறகுதான் விவசாயி துணிந்து நட்டான்.

இனி வேலை. விதை பொடி மாதிரி இருக்கும், மூச்சு விட்டால் பறக்கும். அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேணும். மண்ணுக்கு மேலே தூவி, மெல்ல அமத்திவிடுவோம். நாற்று எழும்பிய பிறகு வயலில் நடுவது. முதல் வருடம் பூவே இல்லை. தரையோடு ஒட்டின சாம்பல் இலைக்கொத்து மட்டும். இந்த ஒரு வருடம் முழுக்கக் களையோடு சண்டை. களைகொல்லி அடிக்கிற பேச்சே கிடையாது, முழங்காலில் நின்று கையால் பிடுங்குவோம். எடெல்வைஸ் சின்னச் செடி, களை மூடினால் மூச்சடைத்துச் செத்துவிடும். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகும். அதனால் சரிவு வேணும், கல் கலந்த மண் வேணும்.

நடைபயணி அண்ணா பசளை பற்றிச் சொன்னீர்கள். இந்தச் செடிக்குக் கொழுத்த மண்ணே ஆகாது. தாராளமாகப் போட்டால் நெட்டையாக வளர்ந்து வெள்ளை குறைந்து பச்சை தட்டும். தாழ்ந்த இடத்தில் நட்டாலும் அதே கதை. நம்பாவிட்டால் சமவெளியில் யாராவது பூச்சட்டியில் வைத்திருப்பதைப் போய்ப் பாருங்கள். அதனால்தான் மலையிலேயே வயல் வைக்கிறார்கள். பாறை இல்லை என்பது சரி. ஆனால் அந்த வெயிலும் இரவுக் குளிரும் அங்கேயும் அதேதான்.

இரண்டாம் கோடையில் பூக்கும். நடுவில் இருக்கிற மஞ்சள் குஞ்சங்கள்தான் உண்மையான பூக்கள். சுற்றி வெள்ளை நட்சத்திரமாக விரிந்திருப்பது இதழ் இல்லை, ரோமம் மூடிய இலை. மஞ்சள் விரிந்த உடனே வெட்ட வேணும், பிந்தினால் பழுப்பாகிவிடும். காலையில் வெட்ட மாட்டோம். அந்தப் பஞ்சு பனித்துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தோடு அடுக்கினால் கறுத்துப்போகும். வெயில் ஏறி, பூவைத் தொட்டால் விரல் நனையாது என்ற நேரம் வந்தபிறகுதான் கத்தரியை எடுப்போம். காய வைக்கிற அறைக்குள் போனால் மெல்லிய தேன் வாசம். கூடவே பஞ்சுத்தூசி. முகமூடி போடாமல் நின்றால் தொண்டை கரகரக்கும். மாலையில் கறுப்புச் சட்டையைக் கழற்றினால் பூனை படுத்தெழும்பின மாதிரி வெள்ளை ரோமம்.

எங்கள் பண்ணைக்குப் பியோ சுவிஸ் என்ற இயற்கை விவசாய அமைப்பின் மொட்டு முத்திரை இருந்தது. அதற்கு ஒரு வயலை மட்டும் இயற்கை வழியில் செய்தால் போதாது, முழுப் பண்ணையும் அப்படித்தான் இருக்க வேணும். அதுபோக, அரசின் நேரடி மானியம் வாங்குகிற எந்தப் பண்ணையும் நிலத்தில் ஒரு பங்கைப் பூச்சி, பறவைகளுக்கென்று விட வேணும். பண்ணைக்காரர் ஒரு முழு ஓரத்தையும் வெட்டாமல் விட்டிருந்தார். தேனீ இரைச்சல் கேட்டுக்கொண்டே களை பிடுங்கினது இன்னும் காதில் இருக்கிறது.

நீங்கள் தடிமனுக்குச் சப்புகிற சுவிஸ் மூலிகை மிட்டாய் இருக்கிறதே, ரிக்கோலா, அதன் 13 மூலிகைகளும் மலைப்பகுதிப் பண்ணைகளில் நட்டு வளர்ப்பவைதான். அதில் இருக்கிற மால்வாவும் ஃபிராவென்மான்டலும் ஷாஃப்கார்பெயும் முகக் கிறீமுக்கும் போகின்றன. மலைப்பூ என்றவுடன் எல்லாருக்கும் எடெல்வைஸ்தான் கண்ணுக்கு வருகிறது. எங்கள் வயலில் அதிகம் இடம் பிடித்தது அது இல்லை.

—

கண்ணாடிக்குடுவை எழுதியது:

வலே_தோட்டம் அக்கா, இதைப் படிச்சதும் மனசு நிறைஞ்சது. நீங்க காயவெச்சு அனுப்பின மூட்டை எங்க கைக்கு வந்ததுக்கு அப்புறம் நடக்கிறதை நான் சொல்றேன். ஜெர்மனியில ஒரு அழகுசாதன ஆய்வுக்கூடத்துல க்ரீம் ஃபார்முலா போடுறது என் வேலை.

பனிப்பூ கேட்ட வெயில் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அது ஆபத்தான இடம். தனி சன்ஸ்க்ரீனை விட்டுடாதீங்க. எடெல்வைஸ் சாறு சன்ஸ்க்ரீன் கிடையாது. ஐரோப்பாவுல வெயில் தடுப்பானா எதைப் போடலாம்னு ஒரு பட்டியலே இருக்கு. அதுல எந்தப் பூச்சாறும் இல்ல. கடல் மட்டத்துல இருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி முகத்துல அடிக்கும். ஏற்கெனவே வெடிச்ச கன்னத்தோட அங்கே சும்மா போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்ப பெட்டியில எழுதினது எங்கிருந்து வந்தது? 2005ல பெல்ஜியத்தோட நமூர் பல்கலைக்கழகத்துல விஞெரோன் குழு எடெல்வைஸோட வெள்ளை ரோமத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில பார்த்தாங்க. ஒவ்வொரு ரோமத்தோட மேற்பரப்புலயும் நீளவாக்குல மெல்லிய இழைகள், ஒண்ணொண்ணும் சுமார் 0.18 மைக்ரோமீட்டர் தடிமன். அது புற ஊதா ஒளியோட அலைநீளத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்த அளவு. அதனால அந்தக் கதிர் இழைகளுக்குள்ள மாட்டிக்கிட்டு அங்கேயே உறிஞ்சப்படுது. இலைக்கு வேண்டிய வெளிச்சம் மட்டும் உள்ளே போகுது. ரொம்ப அழகான கண்டுபிடிப்பு. ஆனா கவனிங்க, காப்பாத்துறது அந்த ரோமத்தோட வடிவம். நாங்க பூவை ஆல்கஹால்லயோ கிளிசரின்லயோ ஊறவெச்சு வடிகட்டும்போது அந்த ரோமம் சக்கையோட போயிடும். சாறுல அந்த வடிவம் ஒரு துளி கூட மிஞ்சாது. குடையைக் கொதிக்கவெச்சு அந்தத் தண்ணியைத் தலையில தெளிச்சா மழை நிக்குமா? அதே கணக்குதான்.

சாறுல மிஞ்சுறது வேற. லியோன்டோபோடிக் அமிலம், குளோரோஜெனிக் அமிலம், லூட்டியோலின் வகைகள். இதெல்லாம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருட்கள், ஆய்வுக்கூடக் குடுவையில நல்லாவே வேலை செய்யுது. தோல்ல? உதவலாம். சரியான அடிப்படையில, போதுமான அளவுல போட்டா எரிச்சலை அடக்க ஒரு துணை. அதுக்கு மேல யாராவது சத்தியம் செஞ்சா நான் நம்பமாட்டேன். இது என் தொழில், ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும்.

நடைபயணி சார், காட்டுப்பூவுக்குத்தான் சக்தின்னு சொன்னதுல எனக்கு உடன்பாடு இல்ல. செடி கஷ்டப்பட்டா சில பொருட்கள் கூடும், அது வரைக்கும் உண்மை. ஆனா காட்டுப்பூ ஒரு மூட்டையில அதிகம், அடுத்த மூட்டையில பாதி. எனக்கு வேண்டியது நம்பகம். அக்கா சொன்ன மாதிரி ஒரே இனம், ஒரே நாள் அறுவடை, சரியா காயவெச்சதுன்னா எவ்வளவு இருக்குன்னு அளந்து சொல்ல முடியும்.

—

பனிப்பூ எழுதியது:

அக்கா, அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பூனை ரோமம் என்ற இடத்தில் சிரித்தாள். வெயில் கிறீம் விஷயம் எனக்கு உறைத்தது, நல்ல காலம் கேட்டேன்.

டப்பாவின் பின்னால் இருக்கிற பட்டியலைப் பார்த்து எழுதுகிறேன். தண்ணீர், கிளிசரின், சூரியகாந்தி எண்ணெய், பாதாம் எண்ணெய், ஒரு மெழுகு, ஏதோ ஸ்டியரேட், ஷியா, பிறகு பொட்டாசியம் சார்பேட், அதற்குப் பிறகுதான் லியோன்டோபோடியம் அல்பினம் (அதுதான் எடெல்வைஸாம்), கடைசியில் லிமோனீன், லினலூல். பூவின் பெயர் கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கிறதே, இதற்கு என்ன அர்த்தம்?

—

கண்ணாடிக்குடுவை எழுதியது:

சரியான இடத்தைப் பிடிச்சிட்டீங்க. பட்டியல்ல 1 சதவீதத்துக்கு மேல இருக்கிறதை அதிகத்துல இருந்து குறைவுக்கு வரிசையா எழுதணும், அது விதி. 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளதை எந்த வரிசையிலயும் எழுதலாம். சார்பேட்ங்கிறது க்ரீம் கெடாம இருக்கப் போடுறது, அதை ஒரு சதவீதம் வரைக்கும் கூடப் போட விதி விடாது. அதனால அதுக்குப் பின்னால வர்ற எல்லாமே 1 சதவீதத்துக்கும் கீழ. உங்க க்ரீம்ல எடெல்வைஸ் அங்கேதான் இருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன், உதாரணத்துக்குத்தான். 50 கிராம் டப்பா. அதுல பூச்சாறு 2 சதவீதம் போட்டா ஒரு கிராம். அந்தச் சாறுலயும் பெரும்பங்கு கிளிசரினும் தண்ணியும்தான், பூவுல இருந்து வந்த திடப்பொருள் 2 சதவீதம்னு வெச்சுக்குவோம். கடைசியில டப்பாவுக்கு 20 மில்லிகிராம். பட்டியல்ல கிளிசரினும் தண்ணியும் அவங்கவங்க இடத்துக்குப் போயிடும், பூவோட பெயர் மட்டும் தனியா பின்னாடி நிக்கும். அதனால பின்னாடி இருக்குன்றதுக்காகவே ஏமாத்துனு சொல்லிட முடியாது. ஆனா உங்க கன்னத்தை அமைதிப்படுத்தினதுல பெரிய பங்கு கிளிசரினுக்கும் ஷியாவுக்கும்தான்னு நான் நினைக்கிறேன்.

கடைசியில இருக்கிற லிமோனீன், லினலூல் ரெண்டும் வாசனைப் பொருட்கள். பூசிக் கழுவாம விட்டுடற க்ரீம்ல 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயரை எழுதணும்னு விதி இருக்கு, ஒவ்வாமை வர்றவங்களுக்காக. வாசனை எரியும்னு சொன்னீங்களே, அடுத்த முறை வாசனை சேர்க்காத வகையைக் கேளுங்க.

—

செம்பருத்தி எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது என் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. இயற்கை என்றால் தோலுக்குக் கெடுதல் செய்யாது என்று நம்பி இருந்தவள் நான்.

போன வருடம் மலையில் இறங்கும்போது முழங்கால் அடிபட்டது. ஒரு சிறிய கடையில் ஆர்னிகா களிம்பு வாங்கினேன். மஞ்சள் பூ, கையால் செய்தது, மலைப் புல்வெளியில் பறித்தது என்றார்கள். சிராய்ப்பு ஆறுமுன் அதன் மேலேயே பூசிவிட்டேன். மூன்றாம் நாள் முழங்கால் முழுக்கக் கொப்புளம். டொக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கமோமில் தேத்தண்ணீர் குடித்தால் வாய் அரிக்குமா?" அரிக்கும்! எனக்கு அது நினைவே இல்லை. ஆர்னிகா, கமோமில், கலெண்டுலா, எடெல்வைஸ் எல்லாம் சூரியகாந்திக் குடும்பம் என்றார். ஆர்னிகாவில் இருக்கிற ஹெலனாலின் போன்ற பொருட்கள்தான் வீக்கத்தை அடக்குகின்றன, அவையேதான் ஒவ்வாமையையும் கிளப்புகின்றனவாம். உடைந்த தோலில் ஒருநாளும் பூசக் கூடாது என்று கண்டித்தார்.

பனிப்பூ அக்கா, உங்களுக்கு மூன்று கிழமையாக ஒன்றும் இல்லையென்றால் நல்லது. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புதிய கிறீம் என்றால் முழங்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் நாளைக்கு இரண்டு தடவை, ஒரு கிழமை பூசிப் பாருங்கள். ஒருநாள் பூசிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். என்னுடையது மூன்றாம் நாள்தான் காட்டியது.

—

ஆய்வுமேசை எழுதியது:

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிற மாணவன். எல்லோரும் வயல், காடு என்று இரண்டு வழியை மட்டும் பேசுகிறீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது.

எடெல்வைஸ் செடியின் சிறு துண்டை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சத்துக்கூழில் வைத்தால் உருவமில்லாத உயிரணுத் திரளாக வளரும். அதைப் பெரிய கலனில் பெருக்கலாம். லியோன்டோபோடிக் அமிலம் அதில் வருகிறது. நிலம் வேண்டாம், களை இல்லை, மழை பொய்த்தாலும் கவலை இல்லை, வருடம் முழுக்க ஒரே தரம். வேரில் இருக்கிற லியோலிகின் போன்ற பொருட்களுக்கு இது இன்னும் முக்கியம். வேரை எடுத்தால் செடி செத்துவிடும், ஆனால் வேரையே கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிற முறை வந்துவிட்டது. இயற்கையைக் காக்க வேண்டும் என்றால் இயற்கையைத் தொடாமல் இருப்பதுதானே சிறந்தது?

—

வலே_தோட்டம் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்கிற வழியை நான் குறைவாக நினைக்கவில்லை. வேருக்கு அது நல்ல வழி என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். மஞ்சள் ஜென்சியன் என்று ஒரு செடி, பூக்கவே பத்து வருடம் வரை எடுக்கும், அதன் வேரைத்தான் தோண்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பிசையும்.

ஆனால் "தொடாமல் இருப்பது" என்ற இடத்தில் நான் நிற்கிறேன். ஆல்ப்ஸ் மலைப் புல்வெளி மனிதன் தொடாமல் இருந்து வந்த நிலம் இல்லை. நூற்றாண்டுகளாக மாடு மேய்த்து, புல் வெட்டி, கல் பொறுக்கி வைத்திருக்கிற நிலம். கைவிட்ட சரிவுகளை நான் பார்த்திருக்கிறேன். சில வருடத்தில் பச்சை ஆல்டர் புதர் ஏறி மூடிவிடும். அதற்குக் கீழே ஒரு பூ இல்லை, ஒரு பட்டாம்பூச்சி இல்லை. நான் வேலை செய்த வீட்டில் இருந்தது பத்துப் பன்னிரண்டு மாடும் செங்குத்துச் சரிவும். பால் காசு மட்டும் என்றால் மகன் எப்போதோ கீழே நகரத்துக்கு இறங்கியிருப்பான். மூலிகை வயலின் காசுதான் அவனை அங்கே வைத்திருக்கிறது. கலனில் வளர்கிற உயிரணு யாரையும் மலையில் இருத்தாது. கலனுக்கும் சீனி வேணும், மின்சாரம் வேணும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கலனில் வளர்த்ததை விற்கும்போது பெட்டியில் பாறையும் பனியும் போடாதீர்கள். கலனின் படத்தைப் போடுங்கள்.

—

கண்ணாடிக்குடுவை எழுதியது:

அக்கா சொன்ன கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். கூடவே ஒண்ணு. கலன்ல வளர்த்த இந்த உயிரணுவைத்தான் "தாவர ஸ்டெம் செல்"னு டப்பாவுல போட்டு விக்கிறாங்களே, அதுல உயிரோட எந்த செல்லும் இல்ல. உடைச்சு சாறெடுத்ததுதான். அது உங்க தோல்ல போய் புது செல்லா மாறப்போறதும் இல்ல. ஆய்வுமேசை தம்பிக்கு இது தெரியும், வாங்குறவங்களுக்குத் தெரியாது.

முத்திரை பத்தி ஒருத்தரும் கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். "இயற்கையானது"ன்ற வார்த்தை மட்டும் இருந்தா அதை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. கோஸ்மோஸ் ஆர்கானிக் முத்திரைன்னா, பிழிஞ்சு, காயவெச்சு, ஊறவெச்சு எடுக்கிற விவசாயப் பொருட்கள்ல 95 சதவீதம் ஆர்கானிக்கா இருக்கணும், பூசி விட்டுடற க்ரீம்னா மொத்த எடையில 20 சதவீதமாவது ஆர்கானிக்கா இருக்கணும். இருபது குறைவா தெரியலாம். க்ரீம்ல பாதிக்கு மேல தண்ணி, தண்ணிய ஆர்கானிக்னு எண்ண முடியாதுல்ல. காட்டுல பறிச்சதுன்னா ஃபேர்வைல்டு முத்திரை இருக்கான்னு பாருங்க. எவ்வளவு பறிக்கலாம்னு கணக்கு வெச்சு, பறிக்கிறவங்களுக்கு நியாயமான கூலி கொடுத்தாதான் அது கிடைக்கும்.

—

நடைபயணி எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வயல் செடி வெறும் பெயர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வலே_தோட்டம் சொன்ன பச்சை ஆல்டர் சரிவுகளுக்குள்ளே நானும் புகுந்து வழி தவறியிருக்கிறேன். அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்ததில்லை.

ஆனால் காட்டில் பறிப்பது எல்லாமே கொள்ளை என்றும் இனி சொல்லமாட்டேன். ருமேனியாவில் அப்புசெனி மலைக்கு ஒருமுறை போயிருந்தேன். அங்கே ஆர்னிகா காட்டுக்குள் இல்லை, புல்வெளியில் பூக்கிறது. பசளை போடாத, வருடத்தில் ஒருமுறை பிந்தி அரிவாளால் வெட்டுகிற ஏழைப் புல்வெளி அதற்கு வேண்டும். பசளை விழுந்த இடத்தில் இரண்டு மூன்று வருடத்தில் ஆர்னிகா மறைந்துவிடுமாம். முன்பு பச்சையாகப் பூவை அற்ப விலைக்கு விற்றவர்கள், ஊரிலேயே காயவைக்கும் கொட்டகை வந்தபிறகு காய்ந்த பூவாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். பூவுக்குக் காசு வருகிறது என்பதால் புல்வெளிக்குப் பசளை போடாமல் விடுகிறார்கள். பூத்தலையை மட்டும் கிள்ளுகிறார்கள், வேரில் கை வைப்பதில்லை, பூக்களில் ஒரு பங்கை விதைக்கு விடுகிறார்கள். அன்று ஒரு கிழவியம்மா கூடையைக் காட்டிச் சைகையால் விளங்கப்படுத்தினார். அப்போது அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

எடெல்வைஸை மட்டும் பாறையிலேயே விட்டுவிடுவோம். அதில் நான் மாறமாட்டேன்.

—

பனிப்பூ எழுதியது:

உறவுகளே, செய்தி ஒன்று. கிறீம் செய்கிற நிறுவனத்துக்கு மகளும் நானும் சேர்ந்து மின்னஞ்சல் எழுதினோம். மூன்று கேள்வி: பூ வயலில் வளர்த்ததா, செடியின் எந்தப் பகுதி, எந்த நாடு. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. சுவிஸ் மலைப்பகுதியில் ஒப்பந்தப் பண்ணைகளில் இயற்கை முறையில் வளர்த்தது, பூவும் தண்டும் மட்டும், வேர் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். வெயிலைக் காக்கும் என்ற வசனத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் "தோல் பராமரிப்பு என்ற பொருளில் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி. அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை, திரும்ப எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் முகத்தில் பூசுகிற ஆக்கள் அதை நம்பிவிடுவார்கள்.

டப்பா முடிந்ததும் வாசனை இல்லாத வகையைத்தான் வாங்கப்போகிறேன். மலைக்குப் போகும்போது தனியாக வெயில் கிறீம்.

மகளுக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறதாம், வலே_தோட்டம் அக்காவிடம் கேட்கச் சொன்னாள். பூவை வெட்டினபிறகு அந்தச் செடி என்ன ஆகும்?

—

வலே_தோட்டம் எழுதியது:

மகளுக்குச் சொல்லுங்கள் தங்கச்சி. கத்தரி அடிக்கட்டையில் படாமல், இலைக்கொத்துக்கு மேலேதான் வெட்டுவோம். கொஞ்ச நாள் மொட்டையாக நிற்கும். பனி வந்து மூடும். பனி உருகினதும் பழைய காய்ந்த இலைக்கு நடுவில் சாம்பல் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும், தொட்டால் முயல் காது மாதிரி இருக்கும். அடுத்த கோடையில் திரும்பவும் பூக்கும். எங்கள் வயலில் இரண்டு, மூன்று அறுவடைக்குப் பிறகு செடி களைத்துவிடும். அப்போது உழுதுவிட்டு, அந்த இடத்தில் சில வருடம் புல்லும் குளோவரும் விடுவோம். அதற்குள் பக்கத்து வயலில் புது நாற்று நட்டிருப்போம்.

ஜூலை தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்தால் எழுதுங்கள். பண்ணைக்காரரிடம் கேட்டு வைக்கிறேன், அவளே ஒரு வரிசை வெட்டிப் பார்க்கட்டும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டாம்.